எஸ்.டி.எல் நிரலகத்தில் தொடுதிரை உள்ளீடு

எஸ்.டி.எல் நிரலகத்தில் தொடுதிரை உள்ளீடு என்பது, சிம்பிள் டைரக்ட்மீடியா லேயர் என்னும் பல்லூடக நிரலகத்தைப் பயன்படுத்தி எழுதப்படும் மென்பொருள்கள், தொடுதிரையில் பதியும் விரல்களை அறிந்து அவற்றுக்கு ஏற்பச் செயற்படும் முறையைக் குறிக்கும். நகர்பேசி, கைக்கணினி, தொடுதிரை கொண்ட மடிக்கணினி ஆகியவற்றில் இயங்கும் விளையாட்டுகள், வரைதல் மென்பொருள்கள், இசை மென்பொருள்கள் முதலியவற்றில் இம்முறை பயன்படுகின்றது.

இந்நிரலகம் ஒவ்வொரு தொடுகையையும் விரல் பதிதல், விரல் நகர்தல், விரல் விலகல் என்னும் நிகழ்வுகளாக நிரலுக்கு அறிவிக்கின்றது. பழைய நிரல்களும் தொடுதிரையில் இயங்க வேண்டும் என்பதற்காக, அதே தொடுகையைச் சுட்டியின் அசைவாகவும் அறிவிக்கின்றது. இவ்விரு வழிகளும் ஒருங்கே திறந்திருக்கின்றன. இதனால் ஒரே தொடுகை இரு முறை கணக்கிடப்படுதல், ஒரு விரலின் அசைவு மற்றொரு விரலுடையதாகக் கொள்ளப்படுதல் போன்ற வழுக்கள் நிரல்களில் எளிதில் புகுந்து விடுகின்றன. இவ்வழுக்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை அறிவதே தொடுதிரை உள்ளீட்டைக் கற்பதில் முதன்மையானதாகும்.

நிரலகம்

எஸ்.டி.எல் சி மொழியில் எழுதப்பட்ட ஒரு கட்டற்ற நிரலகம் ஆகும். சாம் லாண்டிங்கா என்னும் நிரலாளர் இதனை 1998 ஆம் ஆண்டில் வெளியிட்டார். திரையில் படம் வரைதல், ஒலி எழுப்புதல், விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றிலிருந்து உள்ளீட்டைப் பெறுதல் போன்ற வேலைகளை ஒவ்வோர் இயங்குதளமும் வெவ்வேறு வகையில் செய்கின்றது. அவ்வேறுபாடுகளை மறைத்து, ஒரே நிரலை விண்டோஸ், லினக்ஸ், மாக், ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ் ஆகிய இயங்குதளங்களில் இயக்க உதவுவதே இதன் நோக்கமாகும்.

டாஸ்பாக்ஸ், ஸ்கம்விஎம் முதலிய மென்பொருள்கள் இதனைப் பயன்படுத்துகின்றன. பைத்தான் மொழியில் விளையாட்டுகள் எழுத மாணவர்கள் பெரிதும் பயன்படுத்தும் பைகேம் நிரலகமும் எஸ்.டி.எல் மீது கட்டப்பட்டதே. 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த பைகேம் 2, எஸ்.டி.எல்லின் இரண்டாம் தலைமுறையைச் சார்ந்தது. எனவே இக்கட்டுரையில் விரல் நிகழ்வுகள் பற்றிக் கூறப்படுபவற்றுள் பெரும்பாலானவை பைகேமுக்கும் பொருந்தும்.

வரலாறு

2001 ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்.டி.எல் 1.2, மேசைக் கணினியை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டது. அதில் விசைப்பலகை, சுட்டி, விளையாட்டுப் பிடி ஆகியவற்றுக்கு மட்டுமே நிகழ்வுகள் இருந்தன. விரல் என்ற கருத்தே அதில் இல்லை. தொடுதிரை கொண்ட கருவியில் அதனை இயக்கினால், தொடுகை சுட்டியின் அசைவாகவே நிரலுக்குத் தெரிந்தது. இரண்டு விரல்களைப் பிரித்து அறிய வழி இருக்கவில்லை.

2007 ஆம் ஆண்டில் ஐபோனும், 2008 ஆம் ஆண்டில் முதல் ஆண்ட்ராய்டு நகர்பேசியும் விற்பனைக்கு வந்தன. கூகுள் நிறுவனம் மாணவர்களுக்காக நடத்தும் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் கீழ், 2008 இல் எஸ்.டி.எல் ஐபோனில் இயங்குமாறு மாற்றப்பட்டது. அதே திட்டத்தின் கீழ் 2010 இல் பல்தொடுகையையும் சைகைகளையும் அறியும் வசதிகள் எழுதப்பட்டன. இவை அக்காலத்தில் 1.3 என்ற பெயரில் வளர்ந்து வந்த பதிப்பில் சேர்க்கப்பட்டன. அப்பதிப்பு பின்னர் 2.0 எனப் பெயர் மாற்றம் பெற்று, 2013 ஆகஸ்டு மாதம் வெளியிடப்பட்டது. மூன்றாம் தலைமுறையின் முதல் நிலையான பதிப்பு 3.2 என்ற எண்ணுடன் 2025 சனவரி மாதம் வெளிவந்தது.

சுட்டிக்கும் விரலுக்கும் உள்ள வேறுபாடுகள்

சுட்டிக்காக எழுதப்பட்ட நிரல்கள், தம்மை அறியாமலேயே சில கருதுகோள்களைக் கொண்டுள்ளன. தொடுதிரையில் அவை பொய்த்து விடுகின்றன.

* எண்ணிக்கை: திரையில் நிலைகாட்டி பெரும்பாலும் ஒன்றே. விரல்கள் ஒரே நேரத்தில் பல இருக்கலாம்.
* இருப்பு: பொத்தானை அழுத்தாதபோதும் நிலைகாட்டிக்கு ஓர் இடம் உண்டு. விரல் திரையை விட்டு நீங்கியதும் அதற்கு இடம் என்று எதுவும் இல்லை. எனவே நிலைகாட்டியை ஒரு பொத்தானின் மேல் கொண்டு சென்றதும் விளக்கம் தோன்றுவது போன்ற வசதிகள் தொடுதிரையில் இயங்கா.
* தொடர்ச்சி: நிலைகாட்டி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்தே செல்லும். விரலை எடுத்து வேறிடத்தில் வைக்கும்போது இடைப்பட்ட பாதை என்று ஒன்றும் இல்லை.
* பொத்தான்கள்: சுட்டியில் இடது, வலது என்ற வேறுபாடு உண்டு. விரலில் அது இல்லை.
* நுண்மை: நிலைகாட்டி ஒரு படப்புள்ளியைக் குறிக்க வல்லது. விரல் நுனி பல மில்லிமீட்டர் அகலமானது. அது தான் தொடும் பொருளையே மறைத்தும் விடுகின்றது. ஆண்ட்ராய்டுக்கான வடிவமைப்பு நெறிகள் தொடத்தக்க பொருள் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலம் கொண்டிருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கின்றன.

தொடுகை நிரலை அடையும் வழி

இக்கால நகர்பேசிகளின் திரைகள் மின்தேக்குத்திறன் வகையைச் சேர்ந்தவை. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒளி ஊடுபுகும் மின்கடத்திக் கோடுகள் அமைந்துள்ளன. விரல் அருகில் வரும்போது, கோடுகள் சந்திக்கும் இடங்களில் மின்தேக்குத்திறன் சிறிதளவு மாறுகின்றது. திரையின் கட்டுப்படுத்திச் சில்லு இம்மாற்றங்களை ஒவ்வொரு நொடியும் பல முறை அளந்து, மாற்றம் மிகுந்த பகுதியின் நடுப்புள்ளியைக் கணக்கிடுகின்றது. ஒவ்வொரு சந்திப்பும் தனித்தனியே அளக்கப்படுவதால் பல விரல்களைப் பிரித்து அறிய முடிகின்றது.

இத்தரவு இயங்குதளத்தைச் சென்றடைகின்றது. ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ், விண்டோஸ், லினக்ஸின் எக்ஸ் சாளர முறைமை, வேலாண்டு ஆகிய ஒவ்வொன்றும் தொடுகையைத் தனக்குரிய வடிவில் தெரிவிக்கின்றன. சான்றாக, ஆண்ட்ராய்டு நகர்ந்த விரல்கள் அனைத்தையும் ஒரே பொதியில் சேர்த்துத் தரும். அது ஜாவா மொழிப் பகுதிக்கு முதலில் வருகின்றது. எஸ்.டி.எல் அதனைப் பிரித்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நிகழ்வாக்கி, சி மொழிப் பகுதியில் உள்ள நிகழ்வு வரிசையில் சேர்க்கின்றது.

நிரலின் முதன்மைச் சுழல், ஒவ்வொரு படச்சட்டத்தின் தொடக்கத்திலும் இவ்வரிசையில் காத்திருக்கும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கின்றது. வரிசை காலியாகும் வரை எடுக்க வேண்டும் என்பது முக்கியமானது. ஒரு படச்சட்டத்துக்கு ஒரு நிகழ்வு மட்டும் எடுக்கும் நிரலில், ஐந்து விரல்கள் ஒருங்கே நகரும்போது நிகழ்வுகள் தேங்கி விடும். அப்போது திரையில் தெரியும் அசைவு விரலுக்குப் பின்னால் மேலும் மேலும் பிந்திக்கொண்டே செல்லும்.

விரல் நிகழ்வுகள்

எஸ்.டி.எல் 2 இல் விரலுக்கு மூன்று நிகழ்வுகள் உள்ளன. அவை ஃபிங்கர் டவுன், ஃபிங்கர் மோஷன், ஃபிங்கர் அப் எனப் பெயர் பெற்றவை. மூன்றும் ஒரே தரவுக் கட்டமைப்பைக் கொண்டுள்ளன. அதன் முக்கியமான புலங்கள் பின்வருமாறு:

* நேரக் குறி: நிகழ்வு ஏற்பட்ட நேரம். எஸ்.டி.எல் 2 இல் மில்லி நொடியிலும், எஸ்.டி.எல் 3 இல் நானோ நொடியிலும் தரப்படும்.
* கருவி எண்: எந்தத் தொடு கருவியிலிருந்து நிகழ்வு வந்தது என்பதைக் குறிக்கும்.
* விரல் எண்: அக்கருவியில் உள்ள எந்த விரல் என்பதைக் குறிக்கும்.
* கிடை, குத்து ஆயத்தொலைவுகள்: விரல் இருக்கும் இடம். 0 முதல் 1 வரையான பின்னமாகத் தரப்படும்.
* கிடை, குத்து நகர்வுகள்: முந்தைய இடத்திலிருந்து விரல் நகர்ந்த அளவு. -1 முதல் 1 வரை இருக்கும்.
* அழுத்தம்: 0 முதல் 1 வரையான எண். அழுத்தத்தை அளக்காத கருவிகளில் இதனை நம்பி நிரல் எழுத இயலாது.

ஒரு விரலின் வாழ்வு ஒரு பதிதலுடன் தொடங்கி, எத்தனை நகர்தல்களையேனும் கொண்டு, விலகலுடன் முடிகின்றது. விரல் அசையாமல் இருக்கும்போது நகர்தல் நிகழ்வு வருவதில்லை. இடமோ அழுத்தமோ மாறாத தகவலை நிரலகம் விட்டு விடுகின்றது. எனவே ஒரு பொருளை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தலை அறிய விரும்பும் நிரல், நிகழ்வுக்காகக் காத்திருத்தல் கூடாது. பதிந்த நேரத்தைக் குறித்து வைத்து, ஒவ்வொரு படச்சட்டத்திலும் கடந்த நேரத்தைத் தானே கணக்கிட வேண்டும்.

ஆயத்தொலைவுகள்

சுட்டியின் இடம் சாளரத்தின் அலகுகளில் தரப்படுகின்றது. விரலின் இடமோ பின்னமாகத் தரப்படுகின்றது. இடது மேல் மூலை 0, 0 ஆகும். வலது கீழ் மூலை 1, 1 ஆகும். தொடுபலகை போன்று திரையோடு ஒட்டாத கருவிகளுக்கும் ஒரே அளவுமுறை பொருந்துவது இதன் நன்மையாகும்.

பின்னத்தைப் படப்புள்ளியாக மாற்ற, கிடை ஆயத்தொலைவைச் சாளரத்தின் அகலத்தாலும், குத்து ஆயத்தொலைவை அதன் உயரத்தாலும் பெருக்க வேண்டும். 1280 படப்புள்ளி அகலமும் 720 படப்புள்ளி உயரமும் கொண்ட சாளரத்தில் 0.25, 0.5 என்ற தொடுகை, 320, 360 என்ற இடத்தைக் குறிக்கும். இப்பெருக்கலைச் செய்யாமல், வந்த எண்ணை முழு எண்ணாக மாற்றும் நிரலில் எல்லாத் தொடுகைகளும் இடது மேல் மூலையில் விழுந்தது போலத் தோன்றும். ஏனெனில் 1 க்குக் குறைந்த பின்னங்கள் யாவும் 0 ஆகி விடுகின்றன.

எளிதில் புலப்படாத மற்றொரு வழுவும் உண்டு. திரை சதுரமாக இல்லாததால் கிடையில் 0.1 உம் குத்தில் 0.1 உம் ஒரே நீளம் அல்ல. மேற்கண்ட சாளரத்தில் முன்னது 128 படப்புள்ளிகள். பின்னது 72 படப்புள்ளிகள். இரு நகர்வுகளும் 0.1 ஆக இருந்தால் விரல் 45 பாகையில் சென்றதாக நிரல் கருதும். உண்மையில் அது ஏறத்தாழ 29 பாகையில்தான் சென்றிருக்கும். ஆகவே தொலைவு, கோணம் ஆகியவற்றைப் பெருக்கலுக்குப் பின்னரே கணக்கிட வேண்டும்.

விளையாட்டு ஒரு குறிப்பிட்ட அளவில் வரையப்பட்டு, திரையின் ஓரங்களில் கருப்புப் பட்டைகளுடன் காட்டப்படும்போது, தொடுகையின் இடத்திலிருந்து அப்பட்டைகளின் அளவையும் கழிக்க வேண்டும். எஸ்.டி.எல் 3 இல் நிகழ்வின் ஆயத்தொலைவுகளை வரைதளத்தின் ஆயத்தொலைவுகளாக மாற்றித் தரும் செயற்கூறு ஒன்று இதற்கென உள்ளது.

விரல் எண்ணும் அதன் பயனும்

பல விளையாட்டுகளில் இடது பெருவிரல் ஆட்ட வீரனை நகர்த்தவும், வலது பெருவிரல் அவனைத் தாவச் செய்யவும் பயன்படுகின்றன. விரலின் இடத்தை ஒரே ஒரு மாறியில் சேமிக்கும் நிரலில், இடது விரல் பதிந்திருக்கும்போது வலது விரல் பதிந்தால், அம்மாறியின் மதிப்பு திடீரென வலப்பக்கம் தாவுகின்றது. வீரனும் திடீரென வலப்பக்கம் ஓடுகின்றான். வலது விரல் விலகும்போது, இடது விரல் இன்னும் பதிந்திருந்தும் அவன் நின்று விடுகின்றான். ஒரு விரலால் மட்டும் சோதிக்கும்போது இவ்வழு வெளிப்படாது.

இதனைத் தவிர்க்கவே விரல் எண் தரப்படுகின்றது. ஒரு விரல் பதிந்தது முதல் விலகும் வரை அதன் எண் மாறுவதில்லை. நிரல் பதிந்துள்ள விரல்களுக்கு ஓர் அட்டவணை வைத்துக்கொண்டு பின்வருமாறு செயற்படலாம்:

1. விரல் பதிந்ததும், கருவி எண்ணையும் விரல் எண்ணையும் கொண்டு அட்டவணையில் புதிய வரி ஒன்று சேர்க்கப்படும். கிடை ஆயத்தொலைவு 0.5 க்குக் குறைவாக இருந்தால் அவ்விரலுக்கு நகர்த்தும் பணியும், இல்லையேல் தாவும் பணியும் அளிக்கப்படும். தொடங்கிய இடமும் குறித்துக்கொள்ளப்படும்.
2. விரல் நகர்ந்ததும், அவ்வெண்ணுக்குரிய வரி தேடப்படும். விரல் திரையின் மறுபாதிக்குச் சென்றிருந்தாலும் அதன் பணி மாறாது.
3. விரல் விலகியதும், அதன் பணி முடித்து வைக்கப்பட்டு வரி நீக்கப்படும். மற்ற வரிகள் தீண்டப்படுவதில்லை.
4. அட்டவணையில் இல்லாத விரலின் நகர்தலோ விலகலோ வந்தால், அது புறக்கணிக்கப்படும்.

விரல் எண்ணை அணியின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தல் கூடாது. ஆண்ட்ராய்டில் விரல் எண்கள் 0, 1, 2 எனச் சிறியனவாக வருவதால், பத்து இடங்கள் கொண்ட அணியை வைத்து எழுதிய நிரல் அங்கு ஒழுங்காக இயங்கும். எஸ்.டி.எல் 2 இல் ஐ.ஓ.எஸ் இயங்குதளத்துக்கான பகுதி, இயங்குதளம் தரும் தொடுகைப் பொருளின் நினைவக முகவரியையே விரல் எண்ணாகப் பயன்படுத்துகின்றது. அது மிகப் பெரிய எண்ணாக இருக்கும். அதே நிரல் அங்கு அணிக்கு வெளியே உள்ள நினைவகத்தில் எழுத முற்பட்டு நிலைகுலையும். விரல் எண் 64 பிட் அளவினதாக இருப்பதால் அதனைச் சிறிய முழு எண் மாறியில் சேமிப்பதும் தவறாகும்.

ஒரு விரல் விலகிய பின், அதன் எண் வேறொரு விரலுக்கு மீண்டும் வழங்கப்படலாம். எனவே எண்ணைக் கொண்டு இது வலது கை, இது இடது கை என முடிவு செய்ய இயலாது.

பதிந்துள்ள விரல்களை நிகழ்வுகள் இன்றி நேரடியாகக் கேட்டறியும் செயற்கூறுகளும் உள்ளன. எஸ்.டி.எல் 2 இல் அவை முதல் விரல், இரண்டாம் விரல் என வரிசைப்படி விடை தருகின்றன. ஒரு விரல் விலகினால் இவ்வரிசை மாறக்கூடும். ஆகவே அங்கும் வரிசை எண்ணை விடுத்து விரல் எண்ணையே நோக்க வேண்டும். மேலும், சில இயங்குதளங்களில் முதல் தொடுகை நிகழும் வரை தொடு கருவி இருப்பதே நிரலகத்துக்குத் தெரியாது. தொடக்கத்தில் கருவிகளின் எண்ணிக்கை 0 என்று வந்ததைக் கொண்டு தொடுதிரை இல்லை என முடிவு செய்தல் கூடாது.

சுட்டியாக மாற்றப்படும் தொடுகை

சுட்டிக்காக எழுதப்பட்ட பழைய நிரல்கள் நகர்பேசியிலும் இயங்குவதற்காக, எஸ்.டி.எல் முதலில் பதியும் விரலைச் சுட்டியின் இடது பொத்தானாகக் காட்டுகின்றது. அவ்விரல் நகர்ந்தால் சுட்டி நகர்ந்ததாகவும், விலகினால் பொத்தான் விடப்பட்டதாகவும் நிகழ்வுகள் உருவாக்கப்படுகின்றன. பின்னர் பதியும் விரல்களுக்கு இவ்வாறு செய்யப்படுவதில்லை. நிரலாளர் மாற்றாதவரை இவ்வசதி செயற்பாட்டிலேயே இருக்கும்.

சுட்டி, விரல் ஆகிய இரண்டையும் கையாளும் நிரலுக்கு இதனால் ஒரே தொடுகை இரு முறை வந்து சேர்கின்றது. ஒரு பொத்தான் ஒலியை நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் பயன்படுகின்றது எனக் கொள்வோம். தொடுதிரையில் அதனைத் தொட்டால், விரல் நிகழ்வு ஒலியை நிறுத்தும். உடன் வரும் சுட்டி நிகழ்வு அதனை மீண்டும் தொடங்கி விடும். பயனருக்குப் பொத்தான் வேலை செய்யாதது போலத் தோன்றும். மேசைக் கணினியில் சுட்டி கொண்டு சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும்.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, அமைவுக் குறிப்பு ஒன்றின் மூலம் இம்மாற்றத்தை முற்றிலும் நிறுத்தி விடுதல். மற்றொன்று, சுட்டி நிகழ்வில் உள்ள கருவி எண்ணைப் பார்த்தல். தொடுகையிலிருந்து உருவாக்கப்பட்ட நிகழ்வுகளில் அங்கு ஒரு தனி அடையாள எண் இருக்கும். அவ்வெண் இருந்தால் நிகழ்வைப் புறக்கணிக்கலாம். உண்மையான சுட்டி இணைக்கப்பட்ட கைக்கணினிகளிலும் இவ்விரு முறைகளும் பயன் தரும்.

இதன் மறுதலையும் உண்டு. சுட்டியின் அசைவை விரலாகக் காட்டுமாறு நிரலகத்தைப் பணிக்கலாம். மேசைக் கணினியில் இது இயல்பாகச் செயற்பாட்டில் இருப்பதில்லை. இதனைச் செயற்படுத்தினால், தொடுதிரை இல்லாதவரும் ஒரு விரல் செயல்களைச் சோதித்துப் பார்க்கலாம். இரு விரல் செயல்களைச் சோதிக்க உண்மையான தொடுதிரை தேவைப்படும்.

தொடு கருவியின் வகைகள்

எல்லாத் தொடு கருவிகளும் திரைகள் அல்ல. மாக் இயங்குதளத்தில் மடிக்கணினியின் தொடுபலகையில் பதியும் விரல்களும் விரல் நிகழ்வுகளாக வருகின்றன. பலகையின் நடுவில் விரல் வைத்தால் 0.5, 0.5 என்ற இடம் கிடைக்கும். திரையில் நிலைகாட்டி எங்கிருந்தாலும் அது மாறாது. தொடுதிரைக்கென எழுதிய விளையாட்டை அக்கணினியில் இயக்கினால், தொடுபலகையில் விரல் வைத்தவுடன் திரையின் நடுவில் உள்ள பொத்தான் தானாக அழுந்தக் காணலாம்.

எஸ்.டி.எல் கருவிகளை நேரடித் தொடுகருவி, தன் பரப்பையே அளவாகக் கொண்ட மறைமுகத் தொடுகருவி, நிலைகாட்டியைச் சார்ந்த மறைமுகத் தொடுகருவி என மூன்று வகையாகப் பிரிக்கின்றது. தொடுதிரைகள் முதல் வகையைச் சேர்ந்தவை. ஒரு கருவி முதல் வகையைச் சேர்ந்ததா எனக் கேட்டறிந்த பின்னரே அதன் ஆயத்தொலைவுகளைத் திரையின் இடமாகக் கொள்ள வேண்டும்.

இடையில் அறுபடும் தொடுகை

ஒரு தொடுகை எப்போதும் பயனரின் விருப்பப்படி முடிவதில்லை. தொலைபேசி அழைப்பு வரலாம். திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுக்கும் செயலை இயங்குதளம் தனக்கென எடுத்துக்கொள்ளலாம். அப்போது இயங்குதளம் அத்தொடுகையைத் தள்ளுபடி செய்து, இனி அதனைக் கருத வேண்டாம் என நிரலுக்கு அறிவிக்கின்றது.

எஸ்.டி.எல் 2 இல் இதற்கெனத் தனி நிகழ்வு இல்லை. ஆண்ட்ராய்டிலும் ஐ.ஓ.எஸ் இலும் தள்ளுபடி செய்யப்பட்ட தொடுகை விரல் விலகலாகவே அறிவிக்கப்படுகின்றது. ஒரு கோப்பை அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்து பயனர் தயங்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால், வரும் விலகல் நிகழ்வை நிரல் ஒப்புதலாகக் கொண்டு கோப்பை அழித்து விடக்கூடும். மீட்க முடியாத செயல்களுக்கு இரண்டாம் முறை ஒப்புதல் கேட்பது இதனால் இன்றியமையாததாகின்றது.

எஸ்.டி.எல் 3 இல் தள்ளுபடிக்கு ஃபிங்கர் கேன்சல்டு என்னும் தனி நிகழ்வு சேர்க்கப்பட்டுள்ளது. இதனால் மேற்கண்ட இடர் நீங்குகின்றது. ஆயினும் பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றுவோர் இந்நிகழ்வைக் கையாள மறந்தால், எதிர்மாறான வழு தோன்றும். விலகல் நிகழ்வு வராததால் அட்டவணையில் அவ்விரலின் வரி நீங்காது. பயனர் கையை எடுத்த பின்னும் ஆட்ட வீரன் ஓடிக்கொண்டே இருப்பான். எனவே தள்ளுபடியிலும் வரியை நீக்க வேண்டும். பொத்தானின் செயலை மட்டும் நிறைவேற்றுதல் கூடாது. நிரல் பின்னணிக்குச் செல்வதை அறிவிக்கும் நிகழ்வு வரும்போது அட்டவணை முழுவதையும் காலி செய்வது மேலும் பாதுகாப்பானதாகும்.

சைகைகள்

விரல்களின் கூட்டு அசைவால் ஒரு கருத்தைத் தெரிவிப்பது சைகை எனப்படும். எஸ்.டி.எல் 2 இருவகைச் சைகைகளுக்கு உதவி அளிக்கின்றது.

முதலாவது பல்விரல் சைகை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்கள் நகரும்போது, அவற்றின் நடுப்புள்ளி, விரல்கள் ஒன்றையொன்று விட்டு அகன்ற அளவு, சுழன்ற கோணம், விரல்களின் எண்ணிக்கை ஆகியன ஒரு நிகழ்வாகத் தரப்படுகின்றன. கோணம் ரேடியன் அலகில் இருக்கும். படத்தைப் பெரிதாக்கல், சிறிதாக்கல், சுழற்றல் ஆகியவற்றுக்கு இது பயன்படும்.

இரண்டாவது, வரைந்த வடிவை அறிதல். இது ஜேக்கப் வோப்ராக், ஆண்ட்ரூ வில்சன், யாங் லி ஆகியோர் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு டாலர் என்னும் படிமுறைத் தீர்வை அடிப்படையாகக் கொண்டது. குறைந்த நிரல் வரிகளில் எழுதத் தக்க மலிவான முறை என்பதை இப்பெயர் உணர்த்துகின்றது. இம்முறை பின்வருமாறு இயங்குகின்றது:

1. விரல் வரைந்த கோடு, சம இடைவெளி கொண்ட புள்ளிகளாகப் பிரிக்கப்படும். எஸ்.டி.எல் 64 புள்ளிகளைப் பயன்படுத்துகின்றது. இதனால் விரைவாக வரைந்தாலும் மெதுவாக வரைந்தாலும் ஒரே விளைவு கிடைக்கும்.
2. நடுப்புள்ளியிலிருந்து தொடக்கப் புள்ளிக்குச் செல்லும் திசை ஒரு குறித்த திசையை நோக்குமாறு வடிவம் சுழற்றப்படும்.
3. வடிவம் ஒரு குறித்த சதுரத்துக்குள் அடங்குமாறு நீட்டப்பட்டு அல்லது சுருக்கப்பட்டு, அதன் நடுப்புள்ளி தொடக்க இடத்துக்கு நகர்த்தப்படும்.
4. முன்னரே பதிவு செய்து வைத்த ஒவ்வொரு வார்ப்புருவுடனும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடப்பட்டு, சராசரித் தொலைவு மிகக் குறைந்த வார்ப்புரு விடையாகக் கொள்ளப்படும்.

சதுரத்துக்குள் நீட்டப்படுவதால் இம்முறையால் சதுரத்தையும் செவ்வகத்தையும் பிரித்து அறிய இயலாது. வடிவம் சுழற்றப்படுவதால் மேல் நோக்கிய அம்பும் கீழ் நோக்கிய அம்பும் ஒன்றாகவே தோன்றும். நேர்கோடுகளுக்கும் இது பொருந்தாது.

எஸ்.டி.எல் 3 இல் இவ்விரு வசதிகளும் முதன்மை நிரலகத்திலிருந்து நீக்கப்பட்டு, தேவைப்படுவோர் சேர்த்துக்கொள்ளும் தனிக் கோப்பாக மாற்றப்பட்டன.

தட்டலும் இழுத்தலும்

விரல் திரையில் பதியும்போது சிறிதளவேனும் நடுங்கும். ஆகவே நகர்தல் நிகழ்வு வந்தவுடன் அதனை இழுத்தல் எனக் கொண்டால், எந்தத் தட்டலும் தட்டலாகக் கணக்கிடப்படாது. தொடங்கிய இடத்திலிருந்து விரல் ஒரு குறித்த தொலைவைத் தாண்டிய பின்னரே இழுத்தல் எனக் கொள்வது வழக்கம். ஆண்ட்ராய்டு இத்தொலைவை 8 என்னும் அளவில் வைத்துள்ளது. இது திரையின் அடர்த்தியைச் சாராத அலகாகும். ஓர் அங்குலத்தில் 160 அலகுகள் அடங்கும். எஸ்.டி.எல் இதற்கென எந்த எல்லையையும் வகுப்பதில்லை. நிரலாளரே வகுத்துக்கொள்ள வேண்டும். அதனைப் படப்புள்ளிகளில் வகுத்தால், அடர்த்தி மிகுந்த திரைகளில் எல்லை மிகச் சிறிதாகி விடும்.

இவற்றையும் பார்க்கவும்

* தொடுதிரை
* பல்தொடுகை
* நிகழ்வு சார் நிரலாக்கம்
* பைகேம்
* பல்லூடகம்
* கட்டற்ற மென்பொருள்